மக்கல் வாடையிலிருந்து நஞ்சின் தடம் வரை: தானியக் கிடங்குக் காற்றை ஆராய்ந்த வரலாறு

அமெரிக்காவின் தானியத் தர விதிகளில் மனித மூக்குக்கு இன்றும் அதிகாரம் உண்டு. பரிசோதகர் மாதிரியை முகர்ந்து ‘மக்கல் வாடை’ என்று குறித்துவிட்டால், கோதுமையோ மக்காச்சோளமோ எண்ணிட்ட தரங்களை இழந்து கடைசி வகைக்கு இறங்கிவிடும். இதில் இரண்டு சிக்கல்கள். முகர்பவரின் நுரையீரலுக்குள் பூஞ்சையின் வித்துத்துகள்களும் போகின்றன. அடுத்தது இன்னும் அடிப்படையானது: வாடை வீசும் பொருளும் நஞ்சும் ஒன்றல்ல.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. தீவனத்தில் இருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்த பிறகே ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையும் அது சுரக்கும் அஃப்ளாடாக்சினும் வெளிச்சத்துக்கு வந்தன. புற ஊதா ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும் இந்த நஞ்சு, கிடங்கின் வெப்பநிலையில் ஆவியாவதில்லை. காற்றில் அதையே தேடிப் பயனில்லை. பூஞ்சை வெளியிடும் மற்ற ஆவிகளைத்தான் பிடிக்க முடியும். காற்றுவழிச் சோதனையின் வரலாறு இந்த இடைவெளியைக் குறைக்க நடந்த முயற்சிகளின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1974இன் இறுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட பழங்குடி மக்களிடையே ஈரல் நோய் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீட்டு நாய்களும் அதே நோயில் விழுந்தன. அஃப்ளாடாக்சினே காரணம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் காட்டினர்.

அதே ஆண்டில், இதனோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், போலந்தைச் சேர்ந்த கமின்ஸ்கி குழுவினர் பூஞ்சைகள் வெளியிடும் ஆவிகளைப் பட்டியலிட்டனர். அவற்றில் பெரும்பங்கு 1-ஆக்டீன்-3-ஆல். 1930களில் ஜப்பானில் முராஹாஷி என்பவர் மட்சுடாகே என்ற காளானில் கண்டறிந்த அதே ஆல்கஹால்தான். அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. லினோலெயிக் அமிலத்தை உடைக்கும் எந்தப் பூஞ்சையும், உண்ணத் தகுந்த காளான் உட்பட, இதை வெளியிடும். அது இருந்தால் பூஞ்சை உண்டு; நஞ்சு உண்டா என்பது தெரியாது. 1980களில் கனடாவின் வின்னிபெக்கில் சின்ஹாவும் சகாக்களும் இந்த ஆய்வைக் கோதுமைச் சேமிப்புக் கலன்களுக்குக் கொண்டுபோனார்கள். இடம் மாறியது; கேள்வி மாறவில்லை.

கேள்வி மாறியது 1990களில். நியூ ஆர்லியன்ஸின் அரசு வேளாண் ஆய்வகத்தில் செரிங்கும் உடன் ஆய்வாளர்களும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸில் நஞ்சு சுரக்கும் வகைகள் மட்டும் வெளியிடும் பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட டெர்பீன் ஆவிகளை 1993இல் அறிவித்தனர். சில ஆண்டுகளுக்குள் போலந்தின் போஸ்னானில் யெலென் குழுவினர் ஃபியூசேரியம் பூஞ்சையின் டிரைக்கோடயீன் என்ற ஆவியைக் கையில் எடுத்தனர். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அஃப்ளாடாக்சின் டெர்பீன் வழியில் உருவாவதே இல்லை, அது பாலிகீட்டைடு என்ற வேறு வகைச் சேர்மம். ஆக, நியூ ஆர்லியன்ஸ் கண்ட ஆவிகள் நஞ்சின் மூலப்பொருள்கள் அல்ல, கூட வருபவை. டிரைக்கோடயீனோ டி-2, டிஆக்சிநிவாலெனால் போன்ற நஞ்சுகளுக்கே தாய்ப்பொருள். ஒரு நொதி அதைக் கட்டிய பிறகே பூஞ்சை மேற்கொண்டு ஆக்சிஜன் ஏற்றி நஞ்சாக்குகிறது. நஞ்சு ஆவியாகாது, தாய்ப்பொருள் ஆவியாகும். வாடைக்கும் நஞ்சுக்கும் வேதியியல் பாலம் கிடைத்தது இங்கேதான்.

கருவிகளின் கதை வேறு தடத்தில் ஓடியது. 1982இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாடும் டாட்டும் உருவாக்கிய மின்னணு மூக்கு, எந்தச் சேர்மம் என்று கேட்பதில்லை; பல உணரிகளின் மொத்தப் பதிலை ஒரு கோலமாகப் படிக்கிறது. ஸ்வீடனில் 1996இல் பொர்யெசன் குழு இதைத் தானியத்தில் சோதித்தபோது, நல்லது கெட்டது என்று பிரிப்பதில் சுமார் 90 சதவீதம் பரிசோதகர்களின் முடிவோடு ஒத்துப்போனது. இரு பரிசோதகர்களுக்கு இடையிலான ஒற்றுமையே அதைவிடக் குறைவு. ஆனால் அந்தக் கருவிக்குப் பாடம் சொன்னதும் பரிசோதகர்களின் மூக்குதான். 2002இல் ஓல்சன் குழுவினர் அளவுகோலையே மாற்றி, பார்லியில் ஒக்ராடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேலா கீழா என்று நேரடியாகக் கேட்டனர். வாயு வண்ணப்பிரிகையும் நிறை நிரல்மானியும் சேர்ந்த முறை, மின்னணு மூக்கைவிடக் குறைவாகவே தவறியது.

தீராத சிக்கல் காலம் சார்ந்தது. பூஞ்சை செத்தாலும் நஞ்சு மணியில் தங்கிவிடும். ஆவி, காற்றோட்டம் கொடுத்தால் கலைந்துபோகும். மறுபக்கம், நஞ்சு குவியலில் சீராகப் பரவியிருப்பதில்லை. கையளவு மாதிரி தப்பவிடும் மூலையைக் கலனின் காற்று தப்பவிடாமல் காட்டக்கூடும். ஆகவே, எங்கே மாதிரி எடுப்பது என்று வழிகாட்டும் முதற்கட்டச் சோதனையாகவே காற்றுச் சோதனையைக் கொள்வது பொருந்தும். இந்தியாவில் தானியத்துக்கான அஃப்ளாடாக்சின் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அந்த எண்ணைச் சொல்ல மணியை அரைத்துத்தான் ஆக வேண்டும்.