பதினேழு புள்ளி வித்தியாசம்: ஒரு புது கோச்சை எதை வைத்து எடைபோடுவது?

இந்த எபிசோடில் ஒரே ஒரு மேட்ச்சை எடுத்துக்கிட்டுப் பேசப்போறோம். 1969 நவம்பர் 22, சனிக்கிழமை. இடம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஆன் ஆர்பர் நகரம். ஒரு பக்கம் மிச்சிகன் பல்கலைக்கழக அணி, இன்னொரு பக்கம் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி. விளையாட்டு, அமெரிக்கன் ஃபுட்பால்.

அந்த ஆட்டத்தைப் பத்தின கணிப்பு ரொம்பத் தெளிவா இருந்தது. ஒஹாயோ ஸ்டேட் 17 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும்னு பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டு வெச்சிருந்தாங்க. கணிப்பு பொய்யானது. அதோட ஒரு புது கோச் ஒரே மதியத்தில் பெரிய ஆள் ஆனார். ஆனா அந்த ஒரு மதியத்தை வெச்சு அவரை எடைபோட்டது சரியா? இந்த எபிசோடு முழுக்க எனக்கு இருக்கும் கேள்வி அதுதான்.

முதலில் பின்னணி. அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் என்பது கல்லூரி ஆண்டு விழா மாதிரி சின்ன சமாச்சாரம் இல்லை. மிச்சிகன் ஸ்டேடியம் திறந்தது 1927-ல். நாம பேசுற அந்த மேட்ச்சைப் பார்க்க உள்ளே உட்கார்ந்திருந்தவங்க 1,03,588 பேர். களத்தில் ஆடினவங்க எல்லாருமே மாணவர்கள், அதாவது இருபது வயசுப் பசங்க. அப்போ அவங்களுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்கினவர் கோச் மட்டும்தான். இதை மனசில் வெச்சுக்கங்க, கடைசியில் இது முக்கியமாகும்.

மிச்சிகனும் ஒஹாயோவும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். டொலீடோ ஊரைச் சுத்தி இருக்கும் ஒரு நிலத்துண்டு யாருக்குன்னு 1835-ல் ரெண்டும் ஆயுதம் தூக்குற அளவுக்குப் போனது. கடைசியில் டொலீடோ ஒஹாயோவுக்குப் போச்சு. ஈடா, வடக்கே ஏரிகளுக்கு நடுவில் ஒரு பெரிய தீபகற்பம் மிச்சிகனுக்குக் கிடைச்சது. ரெண்டு அணிகளும் முதன்முதலா மோதினது 1897-ல். 1918-லிருந்து ஒவ்வொரு வருஷமும் மோதுறாங்க. கொரோனாவால் 2020-ல் மட்டும் நடக்கலை. சீசனின் கடைசி ஆட்டமா இது வர்றதால், அதுக்கு முன்னாடி எத்தனை ஜெயிச்சாலும், இதில் தோத்தா வருஷமே வீணான மாதிரிதான் ஊர் பார்க்கும்.

இப்போ 1968-க்கு வருவோம். ஒஹாயோ ஸ்டேட்டின் கோச் வுடி ஹேய்ஸ். 1951-லிருந்து அங்கேதான் இருக்கார். கறாரான ஆள், கோபக்காரர், ஜெயிச்சுக்கிட்டே இருப்பவர். அந்த வருஷ மேட்ச்சில் அவர் அணி 44-14 என்று முன்னிலையில் இருந்தது. கடைசியில் இன்னொரு டச் டவுன், அதுக்கு 6 புள்ளி. ஸ்கோர் 50-14. இந்த விளையாட்டில் டச் டவுன் போட்ட பிறகு ஒரு சின்ன கூடுதல் வாய்ப்பு உண்டு. பந்தை உதைச்சுக் கம்பத்துக்கு நடுவில் அனுப்பினா 1 புள்ளி. மறுபடியும் கோட்டைத் தாண்டினா 2 புள்ளி. 36 புள்ளி முன்னாடி இருக்கிறவங்க சும்மா உதைச்சுட்டுப் போவாங்க. ஹேய்ஸ் அணி 2 புள்ளிக்குப் போனது. கிடைக்கலை. ஆனா மிச்சிகன் ஆட்டக்காரர்கள் அதை மறக்கலை.

இத்தனைக்கும் அந்த வருஷம் மிச்சிகன் 8 ஆட்டம் ஜெயிச்சு 2 மட்டும்தான் தோத்திருந்தது. இருந்தும் அந்த சீசனோடு கோச் பம்ப் எலியட் பொறுப்பை விட்டு நிர்வாகப் பதவிக்கு மாறினார். விளையாட்டுத் துறைக்குத் தலைவரா அப்போ புதுசா வந்திருந்த டான் கேனம் வேற ஒருத்தரைக் கொண்டுவந்தார். அவர்தான் போ ஷெம்பெக்லர், வயசு 39. அதுக்கு முன்னாடி மயாமி பல்கலைக்கழகத்தில் கோச். ஃப்ளோரிடா மயாமி இல்லை, ஒஹாயோவில் இருக்கும் சின்ன மயாமி.

இவருக்கும் ஹேய்ஸுக்கும் என்ன தொடர்புன்னு பாருங்க. அதே மயாமியில் ஹேய்ஸ் கோச்சா இருந்தப்போ ஷெம்பெக்லர் அவரிடம் ஆடின பையன். பிறகு 1958-லிருந்து 1962 வரை ஒஹாயோ ஸ்டேட்டில் ஹேய்ஸின் உதவி கோச். குருவிடம் படிச்ச வித்தையோடு சிஷ்யன் எதிர் முகாமுக்கு வந்து நிக்கிறார்.

வந்ததும் பயிற்சியைக் கடுமையாக்கினார். தாங்க முடியாமல் பல பசங்க விலகிப் போனாங்க. அப்போதான் 'நிலைச்சு நிக்கிறவங்க சாம்பியன் ஆவாங்க' என்ற அர்த்தத்தில் ஒரு வாசகத்தை எழுதி மாட்டினார். அந்த வாசகம் மிச்சிகனில் இன்னைக்கும் பிரபலம்.

சரி, கணிப்புக்கு வருவோம். ஒரு பெரிய மேட்ச்சுக்கு முன்னாடி நாம பொதுவா எதைப் பார்ப்போம்? அந்த சீசன் ரெக்கார்டை. ஒஹாயோ ஸ்டேட் போன வருஷ தேசிய சாம்பியன், தொடர்ந்து 22 வெற்றி. 1969 சீசனில் ஆடின 8 ஆட்டத்தில் ஒன்றைக்கூட 27 புள்ளிக்குக் குறைஞ்ச வித்தியாசத்தில் ஜெயிக்கலை. மிச்சிகன் 7 வெற்றி, 2 தோல்வி. தோல்விகளில் ஒன்று மிசோரியிடம், 17-40. இன்னொன்று மிச்சிகன் ஸ்டேட் என்ற பக்கத்துப் பல்கலைக்கழகத்திடம், 12-23. அதே மிச்சிகன் ஸ்டேட்டை ஒஹாயோ ஸ்டேட் 54-21 என்று அடிச்சிருந்தது. இந்தக் கணக்கைக் கூட்டிக் கழிச்சா 17 புள்ளி என்பது தாராளமான சலுகைனுதான் தோணும்.

ஆனா அதே எண்களை வேற மாதிரியும் படிக்கலாம். அந்த ரெண்டு தோல்வியும் சீசனின் முதல் பாதியில் வந்தவை. மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோத்தப்போ ரெக்கார்டு 3-2. புது கோச்சைப் பத்தி அந்த வாரம் யாரைக் கேட்டிருந்தாலும் நல்ல வார்த்தை வந்திருக்காது. அதுக்கு அப்புறம் வந்த நாலு ஆட்டங்களைப் பாருங்க. மின்னசோட்டாவை 35-9, விஸ்கான்சினை 35-7, இல்லினாயை 57-0, அயோவாவை 51-6. மொத்தமா 178 புள்ளி எடுத்து 22 புள்ளி மட்டும் கொடுத்திருக்காங்க. இது 3-2 ரெக்கார்டில் நின்ன அதே அணியில்லை. ஒரு புது கோச்சின் முறை பசங்களுக்குப் பழக கொஞ்ச வாரம் ஆகும். ஒரு சீசனின் சராசரியை எடுத்தீங்கன்னா, பழகுறதுக்கு முன்னாடி இருந்த அணியையும் பழகின அணியையும் ஒண்ணாக் கலந்துடுறீங்க. பழைய கோச் இருக்கும் அணிக்கு சராசரி ஓரளவு நம்பகமான அளவுகோல், புது கோச் வந்த அணிக்கு அப்படி இல்லை.

ரெக்கார்டில் வராத இன்னும் ரெண்டு விஷயம் இருந்தது. ஒண்ணு, ஹேய்ஸ் எப்படி யோசிப்பார்னு ஷெம்பெக்லருக்கு உள்ளேயிருந்தே தெரியும். ரெண்டாவது, அந்த 50. மேட்ச்சுக்கு முந்தின வாரம் முழுக்கப் பயிற்சியில் எதிரணி மாதிரி ஆடின பசங்க எல்லாருக்கும் 50-ம் நம்பர் ஜெர்சிதான். ஒவ்வொரு முட்டலிலும் போன வருஷ ஸ்கோர் கண்ணு முன்னாடி வந்து நிக்கும்.

மேட்ச் நாள். ஒஹாயோ ஸ்டேட்தான் முதலில் எடுத்தது, 6-0. மிச்சிகனின் கார்வி க்ரா ஒரு டச் டவுன் போட்டார், 7-6. ஒஹாயோ ஸ்டேட் மறுபடி முன்னாடி போச்சு, 12-7. க்ரா இன்னொண்ணு போட்டார், 14-12. அதுக்கு அப்புறம் பேரி பியர்சன் என்ற ஆட்டக்காரர் எதிரணி உதைச்சு அனுப்பின பந்தைப் பிடிச்சு 60 கெஜம் ஓடினார். கோல் கோட்டுக்கு 3 கெஜம் மிச்சம் இருக்கும்போதுதான் நிறுத்த முடிஞ்சது. அதிலிருந்து வந்த டச் டவுனில் 21-12. பிறகு ஒரு ஃபீல்டு கோல், 24-12. இவ்வளவும் முதல் பாதியில். ரெண்டாவது பாதியில் ரெண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட எடுக்கலை.

அந்த ரெண்டாவது பாதிதான் எனக்கு ரொம்ப சுவாரசியம். சீசன் முழுக்கப் பெரிய முன்னிலையோடு ஆடிப் பழகின அணி, முதல்முறையா 12 புள்ளி பின்னாடி நிக்குது. துரத்தணும்னா பந்தை வீசியே ஆகணும். அன்னைக்கு அவங்க வீசினதில் 6 பந்து மிச்சிகன் கையில் சிக்கியது. அதில் 3 பியர்சனுக்கு. எட்டு சுலபமான வெற்றிகள் ஒஹாயோ ஸ்டேட்டின் பலத்தைத்தான் காட்டிச்சு. பின்தங்கி நின்னா அந்த அணி என்ன செய்யும்னு பார்க்க யாருக்கும் அதுவரை வாய்ப்பே கிடைக்கலை.

இப்போ எடைபோடுற கதைக்கு வருவோம். மறுநாளிலிருந்து ஷெம்பெக்லர் ஒரு ஹீரோ. ஆனா அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்தது. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. அது மாறினது 1972-ல்தான். அதாவது அன்னைக்கு களத்தில் இருந்த பசங்க ஷெம்பெக்லர் தேர்ந்தெடுத்தவங்க இல்லை. எலியட் காலத்தில் வந்து சேர்ந்தவங்க. ஷெம்பெக்லருக்கு இது நல்லாத் தெரியும். மேட்ச் முடிஞ்சதும் வெற்றிப் பந்தை எலியட்டிடம்தான் கொடுத்தார். அவரைப் பத்தி எனக்குப் பிடிச்ச விஷயங்களில் இது ஒண்ணு. முதல் வருஷ வெற்றியில் பாதி, முன்னாடி இருந்தவரோடது. முதல் வருஷத் தோல்வியிலும் அப்படித்தான்.

இந்த ஒரே மேட்ச்சை அளவுகோலா வெச்சது ஒஹாயோ பக்கமும் நடந்தது. ஜான் கூப்பர் 1988-லிருந்து 13 சீசன் அங்கே கோச்சா இருந்தார். 111 வெற்றி. ஆனா மிச்சிகனிடம் 2 வெற்றி, 10 தோல்வி, 1 டிரா. 2001 ஜனவரியில் வேலை போச்சு. அடுத்து வந்த ஜிம் ட்ரெஸ்ஸல், அறிமுகமான நாளில், 310 நாள் கழிச்சு ஆன் ஆர்பரில் எங்க பசங்களைப் பார்த்துப் பெருமைப்படுவீங்கன்னு கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்தார். சொன்னபடி அந்த வருஷம் 26-20 என்று ஜெயிச்சார். பத்து வருஷத்தில் மிச்சிகனிடம் ஒரே ஒரு தோல்விதான். அதே ட்ரெஸ்ஸல் 2011-ல், ஆட்டக்காரர்களின் விதிமீறல் தெரிஞ்சும் சொல்லாமல் மறைச்ச விவகாரத்தில் பதவி விலகினார்.

நம்ம ரெண்டு பேர் என்ன ஆனாங்க? குருவும் சிஷ்யனும் 1969-லிருந்து 1978 வரை பத்து முறை மோதினாங்க. சிஷ்யனுக்கு 5, குருவுக்கு 4, ஒண்ணு டிரா. 1978 டிசம்பர் 29, ஒரு ஆட்டத்தில் தன் அணியின் பந்தைப் பறிச்ச கிளெம்சன் அணி மாணவனை ஹேய்ஸ் கையால் குத்தினார். டிவியில் நேரலையா ஓடிக்கிட்டிருந்த மேட்ச் அது. 28 சீசன், 205 வெற்றி, எல்லாம் இருந்தும் மறுநாள் வேலை போச்சு.

ஷெம்பெக்லர் 1989 வரை மிச்சிகனில் இருந்தார். 194 வெற்றி. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 11 வெற்றி, 9 தோல்வி, 1 டிரா. தேசிய சாம்பியன் பட்டம் ஒருமுறைகூட இல்லை. 2006-ல் இதே போட்டிக்கு முந்தின நாள் இறந்துபோனார். அவருக்கு அங்கே சிலை இருக்கு.

கதை இங்கே முடிஞ்சிருந்தா இது சாதாரண விளையாட்டு எபிசோடு. 2021-ல் ஒரு விசாரணை அறிக்கை வந்தது. ராபர்ட் ஆண்டர்சன் என்ற பல்கலைக்கழக மருத்துவர், 1966-லிருந்து பல வருஷங்கள் மாணவர்களைப் பாலியல் ரீதியா துன்புறுத்தியிருக்கார். பாதிக்கப்பட்டவங்களில் ஃபுட்பால் ஆட்டக்காரர்களும் உண்டு. கோச் ஷெம்பெக்லரிடமே சொன்னோம்னு அவர்களில் சிலர் சொன்னது அறிக்கையில் பதிவாகியிருக்கு. அவருக்குத் தெரிஞ்சிருந்தா அந்த மருத்துவரை விட்டு வெச்சிருக்க மாட்டார்னு கூட வேலை பார்த்தவங்க சொன்னதும் அதே அறிக்கையில் இருக்கு. பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. 2022-ல் சுமார் 1,050 பேருக்கு 49 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கப் பல்கலைக்கழகம் ஒத்துக்கிட்டது.

ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா, களத்தில் இருந்தவங்க இருபது வயசுப் பசங்கன்னு. சம்பளம் வாங்காத அந்தப் பசங்களுக்கு அந்த இடத்தில் ரொம்பச் சக்தி வாய்ந்த மனிதர் கோச்தான். 'நிலைச்சு நில்லு'ன்னு அவர் சொன்னார், நின்னாங்க. வலிக்குதுன்னு அவங்க வந்து சொன்னப்போ அந்த இடத்தில் கேட்க ஆள் இருந்ததா என்பதும் ஒரு கோச்சின் ரெக்கார்டில் வர வேண்டிய விஷயம். அது எந்த ஸ்கோர்போர்டிலும் வர்றதில்லை. இந்தக் கதையில் அந்தப் பக்கம் வெளியே வர ஐம்பது வருஷம் ஆச்சு.

அதனால், ஒரு புது கோச் முதல் பெரிய மேட்ச்சில் ஜெயிச்சதும் 'இவர்தான்யா ஆளு'ன்னு போஸ்ட் போடத் தோணும். போடுங்க, அந்தச் சந்தோஷம் நியாயமானதுதான். 1969-ல் மிச்சிகன் ஜெயிச்சது நிஜமாவே ஒரு பெரிய வெற்றி, அதை யாரும் குறைச்சுச் சொல்ல முடியாது. ஆனா மேட்ச்சைப் பத்தின தீர்ப்பையும் மனுஷரைப் பத்தின தீர்ப்பையும் தனித்தனியா வெச்சுக்கங்க. முதலாவதைச் சொல்ல அந்த ஒரு சனிக்கிழமை போதும். ரெண்டாவதை, அவரிடம் ஆடின பசங்க வளர்ந்து பெரியவங்களாகி வந்து சொல்லுவாங்க. அப்போ அதைக் கேட்க நாம தயாரா இருக்கணும்.