எல்லார் ஈறும் கசியும்போது: ஓர் அறிகுறியின் எல்லை

ஈறு நோயின் முதல் அறிகுறி இரத்தக் கசிவு என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது பிழையன்று. ஆனால் அந்தக் கசிவிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது, அந்த வாய் அன்றாடம் துப்புரவாக வைக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தது. துலக்காத வாயில் இரத்தம் நோயைக் காட்டுமே தவிர, ஆபத்தின் அளவைக் காட்டாது.

1965இல் ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்டு லோவும் அவருடைய கூட்டாளிகளும் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி கண்டது. மறுபடி துலக்கியதும் தணிந்தது. பல்மீது படியும் நுண்ணுயிர்ப் படலமான பற்படலமே காரணம் என்பது உறுதியாயிற்று. அழற்சியிலிருந்து எலும்புத் தேய்வுக்குச் செல்லும் பாதையோ அவ்வளவு நேரானதன்று.

அதைக் காட்டியது 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் லோ தொடங்கிய ஆய்வு. 480 ஆண் தொழிலாளர்கள், மலையகத் தமிழர்கள், அதில் இடம்பெற்றனர். 1985 வரை அவர்கள் பற்கள் அளக்கப்பட்டன. பல் மருத்துவம் அவர்களை எட்டாததே அவர்களை ஆய்வுக்கு உகந்தவர்களாக்கிற்று. இந்த எண்களைக் கையாளும்போது அதை மறப்பது சரியன்று. படலமும், அது கெட்டிப்பட்ட காரையும் ஏறக்குறைய எல்லாருக்கும் இருந்தன, ஈறும் கசிந்தது. ஆனால் 8 விழுக்காட்டினருக்குப் பல்லை எலும்போடு பிணைக்கும் பற்பிடிப்பு விரைவாக அழிந்தது, 81 விழுக்காட்டினருக்கு மிதமாக, 11 விழுக்காட்டினருக்கு அழற்சிக்கு மேல் எதுவுமில்லை. 35 வயதில் முதல் பிரிவினரின் சராசரி இழப்பு ஏறத்தாழ 9 மி.மீ.; கடைசிப் பிரிவினருக்கு 1 மி.மீட்டரும் இல்லை.

உடலின் எதிர்வினையே நோயைத் தீர்மானிக்கிறது, படலம் இரண்டாம் பட்சம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. லோவே 1969இல் நார்வேயில் தொடங்கிய இணை ஆய்வில் இருந்தவர்கள் பல் துலக்குபவர்கள், சிகிச்சை பெறுபவர்கள். அங்கே பரிசோதனைதோறும் கசிந்த ஈறு சூழ்ந்த பற்களில், முளைத்து ஏறத்தாழ 50 ஆண்டுகளில், 63.4 விழுக்காடே எஞ்சின. அழற்சியற்ற ஈறு சூழ்ந்தவற்றில் 99.5 விழுக்காடு. பெரும்பாலான ஈறுகள் அமைதியாக இருந்த வாயில்தான் விடாமல் கசிந்த இடம் தனித்துத் தெரிந்தது. தோட்டத்தில் அப்படித் தெரிய வழியே இல்லை.

ஆகவே தடுப்பு ஒரு புறம், கண்டறிதல் மறுபுறம் என்று பிரிப்பது பொருந்தாது. முன்னது இல்லாமல் பின்னது தெளிவாவதில்லை. பல் மருத்துவ முகாம்களில் முதல் நாளே கசிவைக் குறித்துக்கொண்டு எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்லி அனுப்புவதைவிட, காரையை எடுத்து, ஈறோரம் தூரிகையைச் சாய்த்துப் பிடிக்கவும் பல்லிடுக்கைத் தனித் தூரிகையால் துடைக்கவும் கற்பித்து, சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பது மேல். அப்போதும் கசிகிற, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே அளவுகோல் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்குகிற இடங்களுக்கே முதல் கவனம் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இதில் முன்வரிசை.

இதற்கு நம்மிடையே இரண்டு தடைகள். இரத்தம் வருகிற இடத்தில் தூரிகையைப் படவிடாமல் ஒதுக்குவது ஒன்று. அதனால் படலம் அங்கேயே தடிக்கிறது. காரையை எடுத்தால் பல் ஆடும் என்ற அச்சம் மற்றொன்று. எலும்பு ஏற்கெனவே தேய்ந்த பல்லைக் காரை கட்டிப் பிடித்திருக்கும். அது போனதும் பழைய ஆட்டம் வெளிப்படுகிறது, அவ்வளவே. வலி இல்லாததால் அதுவரை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

புகைப்பவர்களிடம் இந்த வரிசை செல்லாது. புகை கசிவைக் குறைத்துவிடுவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்க ஈறு வெளியே நலமாகவே தோன்றும். அவர்களிடம் இரத்தத்துக்குக் காத்திராமல் முதல் சந்திப்பிலேயே ஆழத்தை அளந்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.