அப்பாவின் ஸ்கூட்டர் கடிதமும் இன்றைய மின்சார பைக்கும்



போன ஞாயிறு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வீடு ஊத்துக்கோட்டை பக்கம். போக வர அறுபது கிலோமீட்டர் போல. பழைய பைக் இன்ஜின் போய்விட்டது. மின்சார பைக்குக்கு முன்பணம் கட்டி எட்டு மாதம் ஆகிறது, தேதி மூன்று முறை தள்ளிப்போய்விட்டது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இரவு ஷிப்டுக்கு நண்பன் வண்டியில்தான் போகிறான். நண்பன் லீவு போட்டால் இவனுக்கும் அன்றைய சம்பளம் போச்சு.

"சார், காத்திருக்கலாமா, வேற வண்டி வாங்கிடலாமா?" என்று கேட்டான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்!

நம் நாட்டில் வண்டிக்குக் காத்திருப்பது புதிதல்ல. 1951-ல் வந்த தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒரு தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே லைசென்ஸ் வேண்டும். அந்நியச் செலாவணியும் தட்டுப்பாடு. ஸ்கூட்டர் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1960-ல் ஸ்கூட்டர் விற்பனையையே அரசு கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. பதிவு செய்துவிட்டுப் பத்து வருடம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது.

என் அப்பா திருவள்ளூரில் கிளார்க். வீடு பூண்டி பக்கம். 1972-ல் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தார். தினமும் சைக்கிள்தான். முட்டி வலி வந்த பிறகும் வேறு வண்டி பார்க்கவில்லை. அம்மா கேட்டால், "அடுத்த வருஷம் வந்துடும்" என்பார். 1980-ல் கடிதம் வந்தது. அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, "இனிமே நான் எங்கே போகணும்?" என்று பீரோவில் வைத்துவிட்டார்.

அந்த இடைவெளியில் வேறு வண்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன. 1979-ல் கும்மிடிப்பூண்டித் தடத்திலும் திருவள்ளூர்த் தடத்திலும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. பால்காரர், காய்கறிக்காரர், வாத்தியார் எல்லோரும் அதில் ஏறினார்கள். 1984, 85-ல் ஜப்பான் கூட்டில் 100 சிசி பைக்குகள் வந்தன. 1991-ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையே போய்விட்டது.

இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் காத்திருக்கிறோம். அப்போது வண்டி ரோட்டில் ஓடியது, எண்ணிக்கைதான் போதவில்லை. இப்போது வண்டி தயாராகும் முன்பே மேடையில் காட்டிவிடுகிறார்கள். ஓலாவின் ரோட்ஸ்டர் பைக்குகளை 2024 ஆகஸ்ட் 15-ல் அறிவித்தார்கள். ரோட்ஸ்டர் எக்ஸ் 2025 மார்ச்சில் கைக்கு வரும் என்றார்கள், மே மாதம்தான் வந்தது. 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனிகூட, தன் மின்சார பைக்கை 2024 நவம்பரில் மிலான் நகரில் காட்டியபோது, விற்பனை 2026-ல் என்றுதான் சொன்னது. திருவொற்றியூர் 2018 வரை நம் மாவட்டத்தில் இருந்த ஊர் என்பதை இளையவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

தாமதம் எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு பேட்டரி பரிசோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள். அது நம் உயிருக்கு நல்லது. 2025 ஏப்ரலில் மோட்டாருக்குத் தேவையான அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. இங்கே தயாரிப்பு தடுமாறியது. இவை உண்மையான காரணங்கள். ஆனால் அந்தக் காரணம் உன் ஷிப்டுக்கு வண்டி தராது அல்லவா?

அதனால் அவனிடம் மூன்று விஷயம் விசாரிக்கச் சொன்னேன். முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் இருக்கிறதா? அந்த மாடல் ஒன்றாவது நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடுகிறதா? பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத்தில் சர்வீஸ் சென்டர் உண்டா? பிறகு, காத்திருந்த எட்டு மாதத்தில் எத்தனை நாள் சம்பளம் போனது என்று கணக்கு எழ்தச் சொன்னேன். அப்பா அந்தக் கணக்கை ஒருநாளும் போடவில்லை.

நேற்று மறுபடி பேசினான். பத்தொன்பது நாள் சம்பளமாம். அவனே அதிர்ந்துவிட்டான். முன்பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிவிட்டான். செகண்ட் ஹேண்டில் ஒரு 100 சிசி பைக் பார்த்திருக்கிறான். "மின்சார பைக் வந்து ஒரு வருஷம் ஓடட்டும் சார், அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றான். சரி என்றேன்.

அப்பாவின் கடிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஸ்கூட்டருக்கோ, போனுக்கோ, கேஸ் இணைப்புக்கோ வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்