மழுங்கிய வாளும் பொன் மண்டபமும்

ஜப்பானிய வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு ஷோகுன்களின் காலமே நினைவில் எழுகிறது. அவர்களது ஆட்சி தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வாழ்ந்தவர் ஃபுஜிவாரா நோ கியோஹிரா (1056–1128). கியோட்டோவின் பிரபுக்கள் நாகரிகத்தின் விளிம்பென்று எண்ணிய வடகிழக்கு முத்சு நாட்டில் ஒரு குலத்தை நிறுவியவர். வட ஃபுஜிவாராக்கள் என்று அக்குலத்தைக் குறிப்பர்.

அவருடைய வாழ்க்கை ஒரு மரண தண்டனையிலிருந்து தொடங்குகிறது எனலாம். தந்தை த்சுனெகியோ அரசாங்கப் படையில் இருந்தவர். மனைவியோ அப்பகுதியை ஆண்ட அபே குடியின் மகள். அபே குடிக்கும் ஆளுநர் மினமோட்டோ நோ யோரியோஷிக்கும் போர் மூண்டபோது த்சுனெகியோ மாமனார் பக்கம் சாய்ந்தார். அத்துடன் நில்லாமல், அரசின் சிவப்பு முத்திரையற்ற வெள்ளைச் சீட்டைக் கொண்டு வரியும் வசூலித்தார். 1062-இல் அபே குடி வீழ்ந்தது. பிடிபட்ட த்சுனெகியோவின் தலையை மழுங்கிய வாளால் மெல்ல மெல்ல அறுக்கச் செய்தார் யோரியோஷி. அப்போது கியோஹிராவுக்கு வயது ஆறோ ஏழோ.

தாயை மணந்தவர், அபே குடியை வீழ்த்த ஆளுநருக்குத் துணைநின்ற கியோஹாரா குடியைச் சேர்ந்தவர். (கியோஹாரா குடிப்பெயர், கியோஹிரா நம் நாயகனின் பெயர், குழப்பத்தைப் பொறுத்தருள்க.) பகைவர் வீட்டில், பகைவரின் குடிப்பெயரைத் தாங்கி அவர் வளர்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் மனத்தில் ஓடியதென்ன என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. புனைகதையாளர்க்கு உரிய இடம் அது. நாம் விலகி நிற்போம்.

1083-இல் கியோஹாரா குடிக்குள்ளேயே பூசல் வெடித்தது. குடித்தலைவரான மாற்றாந்தாய் மகன் சனெஹிரா நோயால் இறக்க, யோரியோஷியின் மகனும் புதிய ஆளுநருமான யோஷியியே, சொத்தைக் கியோஹிராவுக்கும் அவருடைய தாய்வயிற்றுத் தம்பி இயெஹிராவுக்கும் பங்கிட்டார். பங்கீட்டில் மனநிறைவு கொள்ளாத தம்பி 1086-இல் அண்ணனின் வீட்டைத் தாக்கி, அண்ணியையும் குழந்தைகளையும் கொன்றார். தப்பிய கியோஹிரா போய் நின்றது யோஷியியேயிடம். தம் தந்தையைக் கொன்றவரின் மகனிடம்! 1087-இல் கனெசவா கோட்டை பட்டினியால் வீழ்ந்தது. முற்றுகையின்போது பசி தாளாது வெளிவந்த பெண்களும் சிறுவர்களும்கூட வெட்டப்பட்டனர். மற்றவர் உள்ளேயே இருந்து எஞ்சிய உணவைத் தின்று தீர்க்கட்டும் என்பதே கணக்கு. தம்பி கொல்லப்பட்டார். இதனைத் தனிப்பட்ட சண்டை எனக் கருதிய அரசவை, யோஷியியேவுக்கு எப்பரிசும் அளிக்கவில்லை. கியோஹிராவுக்கோ நிலம் முழுவதும் கிடைத்தது. தந்தையின் குடிப்பெயரை மீண்டும் சூடிக்கொண்டார்.

நம்மைப் பெரிதும் ஈர்ப்பது அதற்குப் பின்னர் வாய்த்த நாற்பதாண்டு அமைதியே. ஹிராய்சுமியில் குடியேறி, முத்சுவின் பொன்னையும் குதிரைகளையும் தலைநகருக்கு அனுப்பி உறவைப் பேணினார். ச்சூசொன்ஜி ஆலயத்தை எழுப்பினார். 1124-இல் முடிந்த பொன் மண்டபம் பக்கத்துக்கு ஐந்தரை மீட்டர் அளவே கொண்ட சிறு கட்டடம். எனினும் உள்ளும் புறமும் பொற்றகடு, தூண்களில் தென்கடல் சிப்பியின் இழைப்பு. கருநீலத் தாளில் ஒரு வரி பொன், அடுத்த வரி வெள்ளி என மாற்றி மாற்றி எழுதப்பட்ட பௌத்த நூல்தொகுதி ஐயாயிரம் சுருள்களுக்கும் மேற்பட்டது.

1126-ஆம் ஆண்டின் வேண்டுதல் பத்திரத்தில் தம்மைக் கிழக்குக் காட்டுமிராண்டிகளின் தலைவர் என்றே அவர் குறித்துக்கொள்கிறார். போர்களில் மாண்ட இருதரப்பினரும், மனிதர் கையால் இறந்த பறவை விலங்குகளும் நற்கதி அடைய வேண்டும் என்பது அதன் சாரம். அரசவையைக் குளிர்விக்கும் தந்திரம் என இதனை ஒதுக்கிவிடலாம். அரசியல் அதில் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் தந்தையையும் மனைவி மக்களையும் இழந்து, தம்பியையும் அழித்த ஒருவர் 'இருதரப்பினரும்' என்று சொல்லும்போது அச்சொல் வெறும் சம்பிரதாயமாக நமக்குத் தோன்றவில்லை.

1189-இல் யோரியோஷியின் வழித்தோன்றலான மினமோட்டோ நோ யோரிடோமோ இக்குலத்தை அழித்தார். நான்காம் தலைமுறைத் தலைவர் யசுஹிராவின் தலையை, 1062-இல் அபே தலைவரின் தலைக்குச் செய்த முன்மாதிரியைப் பின்பற்றி, ஆணியடித்துக் காட்சிக்கு வைத்தனர். 1950-இல் பொன் மண்டபத்தின் பீடங்களைத் திறந்து ஆய்ந்தபோது, கியோஹிரா, அவர் மகன், பேரன் ஆகியோரின் உடல்களோடு ஒரு தலையும் இருந்தது. யசுஹிராவின் தம்பியுடையது என நெடுங்காலம் நம்பப்பட்ட அத்தலையில் ஆணி துளைத்த தடம் காணப்பட்டது.