1981: மூன்று ரயில்களின் கணக்கு

புதிய பயணிகள் ரயிலுக்கு எந்த நாட்டு அரசு எவ்வளவு செலவழித்தது என்று ஒப்பிட, வழக்கம்போல ஒரு எக்செல் ஷீட்டோடுதான் உட்கார்ந்தேன். தொகைகளை விட ஒரு வருஷம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. 1981-ல் ஜப்பான், ஷின்கான்சென்னுக்காக வாங்கிய உலக வங்கிக் கடனை அடைத்து முடித்தது. அதே வருஷம் செப்டம்பரில் பிரான்சின் டிஜிவி ஓடத் தொடங்கியது. டிசம்பரில் பிரிட்டனின் ஏபிடி பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது.

முதலில் அந்த ஜப்பான் கடன். 8 கோடி டாலர், 1961-ல் கையெழுத்தானது. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிறகு எதற்கு வாங்கினார்கள்? ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜி, நாடாளுமன்றத்தில் சுமார் 20,000 கோடி யென் என்று கணக்குக் காட்டினார். உண்மையில் அதைப் போல இரண்டு மடங்கு ஆகும் என்று அவருக்கு அப்போதே தெரியும். முழுத்தொகையைச் சொன்னால் திட்டம் அங்கேயே செத்துவிடும். (எங்கள் தொழிலிலும் இப்படி எஸ்டிமேட் கொடுப்பவர்கள் உண்டு, ஆனால் இந்த அளவுக்குத் துணிச்சல் பார்த்ததில்லை.) நாளைக்கு வேறொரு அமைச்சர் வந்து பாதியில் நிறுத்திவிட்டால்? அதற்குத்தான் உலக வங்கி. அந்த யோசனையைச் சொன்னவர் நிதியமைச்சராக இருந்த சாட்டோ எய்சாகு, முன்னாள் ரயில்வே அதிகாரி. வெளியே வாக்குக் கொடுத்து வாங்கிய கடன் என்பதால், எந்த அரசு வந்தாலும் வேலையை முடித்தே ஆகவேண்டும். பணத்தை விட அந்தக் கட்டுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

செலவு கடைசியில் 38,000 கோடி யென்னைத் தொட்டது. 1963-ல் சோகோ பதவியை விட்டுப் போனார், தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் கூடவே விலகினார். 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவில் முதல் ரயிலை வழியனுப்பிய விழாவில் இரண்டு பேரும் இல்லை.

பிரான்சில் இந்த மாதிரி தந்திரம் தேவைப்படவில்லை. பாரிஸ்–லியோன் புதிய தடத்துக்கு 1974-ல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, பாம்பிடு ஒப்புதல் கொடுத்தார். ஜிஸ்கார் காலத்தில் தடம் கட்டப்பட்டது. திறந்து வைத்தவர் எதிர்முகாமைச் சேர்ந்த மித்தரான். எரிவாயு டர்பைனில் ஓடவேண்டிய ரயில், 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரத்துக்கு மாறியது. ஆனாலும் திட்டம் நிற்கவில்லை. பல நூறு கிலோமீட்டருக்கு நிலம் வாங்கி மண் வெட்டிய பிறகு அதைக் கைவிடுவது எந்த ஜனாதிபதிக்கும் சுலபமில்லை, பாருங்க.

பிரிட்டன் போட்ட கணக்கு வேறு. புதிய தடத்துக்குக் காசு கொடுக்க மனமில்லை. பழைய வளைவுகளிலேயே வேகமாகப் போக, சாய்ந்து திரும்பும் ரயில் ஒன்றைச் செய்தால் போதும் என்று நினைத்தார்கள். அது மலிவு என்பது மட்டுமில்லை, புத்திசாலித்தனமும்கூட. ஆனால் தடத்தில் மிச்சம் பிடித்த சிரமம் முழுக்க ரயிலின் தலையில் விழுந்தது: சாயும் பெட்டி, புதுவகை பிரேக், புதுவகை போகி, எல்லாம் ஒன்றாக. ஆராய்ச்சிச் செலவை அரசும் ரயில்வேயும் பாதிப் பாதியாக ஏற்றன. அறுபதுகளின் கடைசியில் தொடங்கிய வேலை, 1981 வருவதற்குள் மூன்று ஆட்சி மாற்றங்களைப் பார்த்துவிட்டது. முதல் சோதனை ரயிலில் ஓட்டுநருக்கு ஒரே இருக்கைதான் என்று தொழிற்சங்கம் எதிர்த்ததில் மட்டும் ஒரு வருஷம் போனது.

டிசம்பர் 7 அன்று கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு 4 மணி 14 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. நல்ல நேரம்தான். மறுநாள் பத்திரிகைகளில் வந்ததோ நிருபர்களுக்குக் குமட்டிய கதை. அடுத்தடுத்த நாட்களில் சாய்வு இயந்திரம் பழுதானது, குளிரில் பிரேக் உறைந்தது. பிறகு சத்தமில்லாமல் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார்கள். குறைகள் பெரும்பாலும் சரியாகிவிட்டிருந்தன, ஆனால் மேற்கொண்டு காசு கொடுக்கத்தான் ஆளில்லை.

ஏபிடி தயாராகும்வரை சமாளிக்கட்டும் என்று செய்த டீசல் ரயில் எச்எஸ்டி, 1976-ல் ஓடத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கும் மேலாக உழைத்தது. ஏபிடியின் காப்புரிமைகள் சில இத்தாலியின் ஃபியட்டுக்குப் போயின. 2000-களில் அதே லண்டன்–கிளாஸ்கோ தடத்துக்கு சாய்ந்து ஓடும் ரயில்கள் மறுபடியும் வந்தன. பெயர் பெண்டோலினோ, இத்தாலிக்காரர்களின் தொழில்நுட்பம்.