அச்சகம் தீர்மானித்த மேசை

எழுத்துக் கோப்பதில் தொடங்கிப் பக்கம் முடிப்பது வரையிலான வரைகலை வேலை முழுவதையும் ஒருவர் தம் வீட்டு அறையிலேயே செய்துவிடும் தொழில்முறை 1985ஆம் ஆண்டுக்குப் பின்னரே உருப்பெற்றது. அதற்கு முன்பும் வீட்டிலிருந்து வேலை செய்த வடிவமைப்பாளர்கள் இருந்தனர். ஆயினும் எழுத்துக்காக அவர்கள் ஒளியச்சுக் கோப்பு நிலையங்களை, அதாவது எழுத்துகளை ஒளிப்படத் தாளில் பதித்துத் தரும் பெரிய இயந்திரங்களை வைத்திருந்தோரை நாட வேண்டியிருந்தது. அங்கிருந்து நீண்ட கீற்றுகளாக வந்த பாடத்தை வெட்டி, அட்டையில் ஒட்டியே பக்கம் அமைத்தனர்.

1985இல் ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், சியாட்டிலில் பால் பிரெய்னெர்ட் தொடங்கிய ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருளும் சில மாத இடைவெளியில் வெளிவந்தன. மென்பொருளின் விலை 495 டாலர்; அச்சுப்பொறியின் விலையோ 6,995 டாலர். அந்த அச்சுப்பொறிக்குள் இருந்த செயலி, அதற்கு வேலை கொடுத்த மாக்கின்டோஷ் கணினியின் செயலியைவிட வேகமானது என்பதையும் கருதினால், தனியாள் எதை வாங்குவது, எதை வாடகைக்குப் பெறுவது என்ற கணக்கு தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது புரியும்.

அக்கணக்கைத் தீர்த்தது போஸ்ட்ஸ்கிரிப்ட். ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் 1982இல் நிறுவிய அடோபியில் உருவான இது, ஒரு பக்கத்தின் எழுத்துகளையும் கோடுகளையும் புள்ளிகளாகச் சேமிக்காமல் கணித வடிவங்களாக விவரிக்கும் மொழி ஆகும். இதனால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் பதிக்கும் லேசர் அச்சுப்பொறியில் மெய்ப்புப் பார்த்த அதே கோப்பை, ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளில் பிலிம் எடுக்கும் இமேஜ்செட்டர் எந்திரத்துக்கு மாற்றமின்றி அனுப்ப முடிந்தது. எந்திரத்தை வைத்திருந்த நிலையம் பக்கத்துக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெற்றது. வடிவமைப்பாளர் கணினியோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலை, அந்த நிலையம் திறக்கக்கூடிய மென்பொருளையும் அந்த நிலையத்தில் இருந்த எழுத்துருக்களையும் மட்டுமே தாமும் பயன்படுத்தும் கட்டாயம். வீட்டு அலுவலகத்தின் கருவித் தேர்வைப் பற்றிய பேச்சில் திரையின் அளவும் கணினியின் வேகமுமே முன்னிற்பதுண்டு. தேர்வை உண்மையில் கட்டிப்போட்டது இந்தக் கட்டாயம்தான்.

தமிழகத்தில் இந்தக் கட்டு இன்னும் இறுக்கமாக விழுந்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1, ட்ரூடைப் எழுத்துருக்களை இயக்கமுறைக்குள்ளேயே ஏற்றதால், தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவிவிட்டால் எந்த மென்பொருளிலும் தமிழ் அச்சேறியது. உதிரிபாகங்களைச் சேர்த்து உள்ளூரிலேயே பூட்டிய கணினிகள் மலிவாகக் கிடைத்தன. நூல்களுக்குப் பேஜ்மேக்கர், அழைப்பிதழுக்கும் சுவரொட்டிக்கும் வரைகலை மென்பொருளான கோரல்டிரா என்ற ஏற்பாடு, கணினிவழிப் பக்க அமைப்பாகிய டி.டி.பி. தொழிலில் வேரூன்றியது. ஆனால் அன்றைய எழுத்துருவில் 256 இடங்களே உண்டு. உகர, ஊகார உயிர்மெய்களுக்கு மட்டும் 36 தனி வடிவங்கள் தேவைப்படும் தமிழுக்கு, எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பதை ஒவ்வொரு எழுத்துரு உருவாக்குநரும் தம் போக்கில் முடிவு செய்தனர். எழுத்துக்கு எண் ஒதுக்கும் இம்முறையே குறியேற்றம் எனப்படுகிறது. ஒரு குறியேற்றத்தில் தட்டச்சான கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற குறிகளின் வரிசையாகத் தெரிந்ததால், நூலாசிரியர், வடிவமைப்பாளர், அச்சகம் மூவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தாக வேண்டும். இல்லையேல் கோரல்டிராவில் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி அனுப்பலாம். அதன்பின் அச்சகத்தில் கண்ட ஓர் ஒற்றுப்பிழையைக்கூடத் தட்டச்சால் திருத்த இயலாது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. டாப், ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே எழுத்துருவில் அடக்கியது. டாம், இடம் முழுவதையும் தமிழுக்கே அளித்ததால் அச்சு வேலைக்கு உகந்ததாயிற்று. தரம் வந்தும் பழைய எழுத்துருக்கள் மறைந்துவிடவில்லை, ஏனெனில் முடிந்த நூல்களின் கோப்புகள் அவற்றில்தான் இருந்தன. எழுத்துருவைத் தன்னுள் பொதிந்து செல்லும் பி.டி.எஃப். கோப்பு அச்சகங்களில் பரவியபோது அச்சகத்துடனான பிணைப்புப் பெரிதும் தளர்ந்தது. பழைய கோப்புடனான பிணைப்போ அப்படியே நின்றது.

பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பின் புதிய முதன்மைப் பதிப்பு இல்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமாகிய ஒருங்குறியை அது ஏற்கவே இல்லை. அதன் வாரிசாக அடோபி வழங்கிய இன்டிசைனின், 2012இல் வெளிவந்த சி.எஸ். 6 பதிப்பு, விசித்திரமான முறையில் மூன்று பாதைகளின் சந்திப்பாக அமைந்தது. இந்திய மொழிகளை ஒருங்குறியில் அடுக்கும் வசதி அதில்தான் பயனர் கைக்கு எளிதாக வந்தது. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் திறன் அதனோடு முடிந்தது. ஒருமுறை விலை கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமமும் அதனோடு நின்றது. 2013 முதல் அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறையிலேயே வழங்குகிறது. மாதந்தோறும் வருமானம் ஏறி இறங்கும் தனித்தொழிலாளர் இம்மாற்றத்தை விரும்பாததில் வியப்பில்லை.

மேலும், சி.எஸ். 6 பதிப்பில் பழைய கோப்பு திறந்தாலும் உள்ளிருக்கும் பாடம் பழைய குறியேற்றத்திலேயே இருக்கும். பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பு, மெய், துணைக்கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டிய 'கொ', ஒருங்குறியில் மெய்யும் அதன்பின் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுவதால், மாற்றி என்னும் தனி நிரலைக் கொண்டு பாடத்தை முழுதும் வரிசை மாற்ற வேண்டியுள்ளது. மாற்றியபின் புதிய எழுத்துருவின் அகலத்துக்கேற்ப வரிமுறிவுகள் நகர்ந்து, பக்க எண்களையும் சொல்லடைவையும் மீண்டும் சரிபார்க்கும் வேலை சேர்கிறது. மறுபதிப்புக்கான கூலியில் இவ்வேலைக்கு இடமிருப்பது அரிதாகையால், பேஜ்மேக்கர் இயங்கும் ஒரு பழைய கணினியையும் வைத்திருப்பது நூல் வடிவமைப்பாளருக்குச் சிக்கனமான வழியாகவே தோன்றும்.