முத்துக் கரையும் முறிந்த வங்கியும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்களை அடுத்த கடற்கரை, முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில் இருவேறு கோலங்கள் கொண்டதாய் விளங்கியது. ஆண்டின் பெரும்பகுதியில் அது ஆளரவமற்ற மணற்பரப்பு. குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளிலோ, மாசி பங்குனி மாதங்களில் சில நாட்களுக்குள் அங்கே ஒரு நகரம் எழுந்துவிடும். கம்பும் கிடுகும் கொண்டு அமைத்த அந்நகரத்தில் நீதிமன்றமும் மருத்துவமனையும் சிறைக்கூடமும் இருந்தன. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து குளிகாரரும் வணிகரும் வந்தனர். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியக் குளிகாரரும் வந்து சேர்ந்தனர். எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரருக்கு உரியது. எஞ்சிய இரு பங்கும் அரசாங்கத்தின் பெயரால் ஏலத்தில் விற்கப்பட்டது.

சில வாரங்களுள் பெருந்தொகை கைமாறிய அக்கரையிலே, சிப்பி தேடுவதைப்போலவே கடினமான கேள்வியொன்று ஒவ்வொருவர் முன்னும் நின்றது. வந்த பணத்தை எங்கே வைப்பது? பொன்னாக மாற்றி உடலோடு வைத்துக்கொண்டால் கள்வர் பயம். மண்ணிலே புதைத்தால், புதைத்தவர் இறந்தபின் இடமறிவார் எவருமில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடம் வட்டிக்குக் கொடுத்தால், அவர்தம் நாணயத்தையே நம்பவேண்டும். அந்நாணயம் பெரிதும் காப்பாற்றப்பட்டது என்பது உண்மையே. எனினும், கொடுத்தவர் தம் பணம் பின்னர் யாரிடம் போகின்றது என்பதை அறியமாட்டார்.

இக்கேள்விக்கு மேனாட்டார் கொணர்ந்த விடை வங்கி. அந்த விடையும் பிழைபடக் கூடும் என்பதை இலங்கை 1884ஆம் ஆண்டிலே கண்டது. மன்னார்க் கரைக்கும் அந்நிகழ்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பல்லாயிரவர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். பிழைத்துத் திரும்பியோர் மிச்சம்பிடித்த காசை மடியில் முடிந்துகொண்டு அதே வழியால் ஊர் ஏகினர். அவர்களுடைய கூலியும், தோட்டத்துரைமாரின் முதலும், செட்டிமாரின் கடனும் ஒரே நீரோட்டத்தின் கிளைகளாயிருந்தன. அந்நீரோட்டத்தின் தலைமடையாய் நின்றது ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம்.

1842இல் பம்பாயில் தோன்றி, பின்னர் இலண்டனுக்குத் தலைமையகத்தை மாற்றி, 1851இல் அரச பட்டயமும் பெற்ற அவ்வங்கி கீழைத்தேசங்களில் ஈடற்ற செல்வாக்குடன் விளங்கியது. அதன் நாணயத்தாள்கள் இலங்கையெங்கும் செலாவணியாயின. அதன் உறுதியை ஐயுறுவது அறியாமை என்று கருதப்பட்ட காலம் அது. ஆனால் அதன் உள்ளிருந்த நிலை வேறு. வைப்பாளர் கேட்டபொழுது திருப்பித் தரவேண்டிய பணம், எளிதில் மீட்க இயலாத தோட்டங்களிலே கடனாக முடங்கிக் கிடந்தது. இலங்கையில் கோப்பி, மொரீசியசுத் தீவில் கரும்பு. 1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளிற் காணப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளிலே தோட்டங்களைப் பட்டுப்போகச் செய்தது. செடி பட்டபோது கடனும் பட்டது. கடன் பட்டபோது வங்கியும் பட்டது. 1884 மே மாதம் 3ஆம் நாள் அதன் கதவுகள் மூடப்பட்டன.

அப்பொழுது நிகழ்ந்தது இன்றும் சிந்திக்கத் தக்கது. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், வங்கி வெளியிட்ட நாணயத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று உறுதியளித்தார். அவ்வுறுதியினால் சந்தையும் கடைவீதியும் நிலைகுலையாது தப்பின. ஆயினும், அவ்வுறுதி தாள் வைத்திருந்தோர்க்கே உரியது. வைப்பு வைத்திருந்தோர்க்கு அன்று. கையில் வங்கியின் தாளை வைத்திருந்த சிறு கடைக்காரர் இழப்பின்றித் தப்பினார். அதே வங்கியின் ஏட்டில் வாழ்நாட் சேமிப்பைப் பதிந்து வைத்திருந்தவர், வங்கியைக் கலைக்கும் நடவடிக்கை முடிந்து கிடைக்கும் பங்குக்காகக் காத்திருக்க நேர்ந்தது. ஒரே வங்கி, ஒரே நாள். ஆனால் யாருடைய பணத்துக்கு யார் பிணை என்ற ஒரு வேறுபாட்டினாலே இருவர் விதி இருவேறாயிற்று.

அரசாங்கம் அந்நிகழ்ச்சியிலிருந்து பாடம் கற்றது. 1884ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால், நாணயத்தாள் வெளியிடும் உரிமையை அரசே ஏற்றது. அடுத்த ஆண்டிலே தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கி தோன்றிற்று. மக்கள் அனைவரும் பாடம் கற்றனர் என்று கூறுதற்கில்லை. முறிந்த வங்கியின் இடிபாட்டிலிருந்து "புதிய ஓரியண்டல் வங்கி" என்னும் பெயரால் மற்றொன்று எழுந்தது. பழம்பெயரின் பெருமையை நம்பிப் பலர் அதனை நாடினர். 1892இல் அதுவும் முறிந்தது.

பழம்பெயரை நம்புவது ஒரு மயக்கமாயின், நேற்றைய இலாபத்தை நம்புவது மற்றொரு மயக்கம். அதற்குச் சான்று மன்னார்க் கடலே. 1891க்குப் பின் பதினொரு ஆண்டுகள் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. 1903இல் மீண்டும் தொடங்கிய குளிப்பு 1905இல் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு 8 கோடிச் சிப்பிகள் அளவில் விற்கப்பட்டு, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபா அளவில் வருவாய் கிடைத்தது. அவ்வருவாயைக் கண்டு, 1906இல் இலண்டன் முதலாளிகளின் கம்பெனியொன்று முத்துப்பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகைப் பணம் 3,10,000 ரூபா. 1907க்குப் பின் பார்களில் குளிப்புக்குரிய சிப்பி இல்லாது போயிற்று. 20 ஆண்டுக் கனவு சில ஆண்டுகளிற் கலைந்தது.

அதே 1906ஆம் ஆண்டு ஒக்தோபர் 22ஆம் நாள், கடலுக்கு அப்பால் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. நூறாண்டுப் பழைமையும், துரைமாரின் கௌரவமும், பிற வங்கிகளினும் மிக்க வட்டியும் அதனிடம் இருந்தன. ஓய்வூதியம் பெற்றோரும் விதவையரும் தம் பெருஞ்சேமிப்பை அங்கே ஒப்புவித்திருந்தனர். அவ்விழப்பின் வேதனையிலிருந்தே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. இலங்கையிலும் துன்பத்தின் பின்னரே சீர்திருத்தம் வந்தது. 1925இல் செட்டிமாரின் கடன் நெருக்கடி வெளிப்பட்டதும், அந்நிய வங்கிகள் தம் கையைச் சுருக்கிக்கொண்டன. உள்ளூர் வணிகர் வாடினர். 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி விசாரணைக் குழு அமர்ந்தது. அதன் பயனாய் 1939 ஓகஸ்ட் முதலாம் நாள் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1950இல் நாட்டின் வங்கிகளை மேற்பார்வை செய்யும் மத்திய வங்கி அமைந்தது.

வங்கிகள் முறிந்த வரலாற்றைக் கேட்போர், "வீட்டுப் பெட்டியே மேல்" என்று முடிவு கட்டுவதுண்டு. அம்முடிவுக்கும் மன்னார்த் தீவே மறுமொழி கூறும். 1990 ஒக்தோபர் இறுதியில், தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து பல்லாயிரவர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். தலைமுறைகளாய்ச் சேர்த்த பொன்னும் பொருளும், வீடும் வள்ளமும் பின்னே நின்றுவிட்டன. வீட்டிலுள்ள பணம் வீட்டோடு போகும். நாடெங்கும் கிளை கொண்ட வங்கியின் ஏட்டிலுள்ள பணமோ, உரியவர் அகதியாய் நிற்கும் ஊரிலும் அவரைத் தேடி வரத்தக்கது. ஆகவே வேண்டுவது வங்கியைத் துறப்பதன்று. வங்கியை ஆராய்ந்து தெரிவது.

ஆராய்வதற்கு அளவுகோல்கள் யாவை? அவற்றை மேற்கூறிய வரலாறே தருகின்றது. முதலாவது, அங்கு வைக்கும் பணம் எங்கே கடனாகப் போகின்றது என்பது. ஒரே பயிரையும் ஒரே தொழிலையும் நம்பிக் கடன் கொடுத்த வங்கி, அத்தொழில் நொடிந்தால் தானும் நொடியும். ஆண்டறிக்கையைப் படித்தறிய இயலாதவர், அறிந்த ஒருவரைக் கொண்டு படிப்பிப்பது இழிவன்று. இரண்டாவது, வட்டியின் அளவு. ஏனைய வங்கிகளிலும் மிக்க வட்டி எங்கே தரப்படுகின்றதோ, அங்கே மிக்க ஆபத்தும் உடன் தரப்படுகின்றது. மூன்றாவது, பிணை. வங்கி மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் பெற்றதா, அது வீழுமாயின் வைப்பாளருக்கு யார் பொறுப்பு என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இம்மூன்றாம் கேள்விக்கு 1884இல் இல்லாத விடையொன்று பின்னர் வந்துள்ளது. 2002இல் பிரமுக வங்கியின் அலுவல்கள் நிறுத்தப்பட்டபொழுது, வைப்பாளர்க்கென அத்தகைய கட்டாயக் காப்பு நாட்டில் இருக்கவில்லை. 2010 ஒக்தோபரில் வைப்புக் காப்புறுதித் திட்டம் அனுமதி பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பெனிகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2021 முதல் அதன் எல்லை 11 இலட்சம் ரூபா. இவ்வெல்லை ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் உள்ள வைப்புகள் அனைத்துக்கும் சேர்த்தே பொருந்தும். ஒரே வங்கியில் நான்கு கணக்குத் திறந்தவர் நான்கு மடங்கு காப்புப் பெற்றார் என்று எண்ணுதல் தவறு. சிறு சேமிப்புக்கு இவ்வெல்லை முழுக் குடையாகும். காணி விற்ற பணம், சேமலாப நிதிப் பணம், வெளிநாட்டு உழைப்பின் பணம் என்று பெருந்தொகை கைவரப் பெற்றவர்க்கோ, குடைக்கு வெளியே நனையும் பகுதி மிகுதி. அத்தகையோர் தொகையைப் பிரித்து, நிலைபெற்ற வெவ்வேறு வங்கிகளில் வைத்தலே முறை.

கடலின் நிலை மாறுவதுபோல் வங்கியின் நிலையும் மாறும். கடலடியின் நிலையை ஆய்வாளர் பார்த்துச் சொன்ன பின்னரே குளிப்புக்கு நாள் குறிக்கப்பட்டது. சிப்பிக்கு அவ்வளவு ஆராய்ச்சி வேண்டியிருந்தது. சிப்பியை எடுக்க மூச்சடக்கியவரின் வாழ்நாட் சேமிப்புக்கு அதனினும் குறைந்த ஆராய்ச்சி போதுமென்று எவரும் கூறமாட்டார்.